தூக்குக் குண்டு

காவாந்தண்டலத்தில் என் நண்பருக்கு ஒரு பூர்வீக வீடு இருக்கிறது. உத்திரமேரூர் பக்கம், செய்யாற்றங்கரைக் கிராமம். பின்கட்டுச் சுவர் சாய்ந்துவிட்டது என்று இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். 'நாலு நாள் போய் இருந்துட்டு வாயேன். வேலையையும் பார்த்த மாதிரி இருக்கும், உனக்கும் எழுத அமைதியா இருக்கும்' என்று என்னை அனுப்பிவைத்தார். அமைதியாவது! கலவை மெஷின் போட்ட சத்தத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை. ஆனால், ஒரு கேள்வியோடு திரும்பி வந்தேன்.

கேட்டவர் மேஸ்திரி. ஐம்பது வயசு இருக்கும். அதிகம் பேசாத மனிதர். மூன்றாம் நாள் டீ குடிக்கும்போது, தயங்கித் தயங்கி ஆரம்பித்தார்.

"சார், நீங்க நாலு புஸ்தகம் படிச்சவங்க. ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க மேஸ்திரி."

"கடவுள் பழிவாங்குவாரா?"

அவருடைய இரண்டாவது மகள் இரண்டு வருஷத்துக்கு முன்னால் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். ஒன்பது வயசு. நாலே நாள். மேஸ்திரி குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். பக்கத்திலேயே ஒரு சின்ன ஜெபவீட்டுக்குப் போகிறவர்கள். துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், பிணத்தை எடுப்பதற்கு முன்பே தீர்ப்பைப் படித்துவிட்டாராம். 'ஞாயித்துக்கிழமை ஜெபத்துக்கு வராம கான்கிரீட் போடப் போனே. ஆண்டவர் நியாயம் தீர்த்துட்டாரு.' அதற்கு ஆதாரமாகப் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகளிடமிருந்து பட்டயம், பஞ்சம், கொள்ளைநோய் என்று வரிசையாக வேறு எடுத்துவிட்டிருக்கிறார்.

"அன்னிலேருந்து பைபிளைத் தொறக்கவே பயமா இருக்கு சார். தொறந்தா நெருப்பும் கத்தியுமா இருக்கு. பொண்ணு போனதாவது போச்சு... நான்தான் அவளக் கொன்னுட்டேனோங்கிறதுதான் ராத்திரியில தூங்க விடல."

நான் கிறிஸ்தவன் இல்லை. வேதம் படித்தவனும் இல்லை. பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவன். "சே, அப்படியெல்லாம் இருக்காது மேஸ்திரி" என்றேன். அவர் மரியாதைக்குத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் உங்களுக்கும் தெரியும். 'உங்ககிட்ட பதில் இல்ல, பரவாயில்ல' என்று அர்த்தம்.

ஊருக்குத் திரும்பியதும் அலமாரியில் தூசி படிந்திருந்த பைபிளை எடுத்தேன். ஆமோஸ், ஓசியா, எரேமியா, யோனா என்று ஒவ்வொருவராக உட்கார்ந்து படித்தேன். மேஸ்திரிக்கு நான் பாக்கி வைத்திருக்கும் பதில்தான் இது.

முதலில், அந்தச் சொந்தக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் நம்மையே பார்த்துக்கொள்வோம். பி.காம். முதல் வருஷத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடம், ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. இரண்டு பக்கமும் டேலி ஆகவேண்டும். ஆகாவிட்டால் எங்கேயோ ஒரு பதிவு விட்டுப்போயிருக்கிறது, தேடு! நாம் எல்லோருமே கடவுளை இப்படி ஒரு கணக்குப்பிள்ளையாகத்தான் வைத்திருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரனுக்குப் பக்கவாதம் வந்தால், 'என்ன பாவம் பண்ணானோ' என்கிறோம். இந்த விஷயத்தில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் வித்தியாசமே கிடையாது. துன்பம் என்று ஒரு பதிவு இருந்தால், பாவம் என்று எதிர்ப்பதிவு இருந்தே ஆகவேண்டும்!

சாதாரண ஆட்கள் மட்டும்தான் இப்படி நினைக்கிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். காந்தியே நினைத்திருக்கிறார். அதுவும் நம்ம ஊரில் வைத்து.

1934 ஜனவரி 15. பீகாரில் பயங்கர நிலநடுக்கம். பீகாரிலும் நேபாளத்திலுமாகப் பத்தாயிரம் பேருக்கு மேல் பலி. தீண்டாமை ஒழிப்புக்காகத் தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தி, ஜனவரி 24-ம் தேதி திருநெல்வேலிக் கூட்டத்தில் பேசினார். பீகாரில் நடந்தது, தீண்டாமை என்ற பாவத்துக்குக் கடவுள் நமக்கு அனுப்பிய தண்டனை என்றார்.

தாகூருக்குத் தாங்கவில்லை. தீண்டாமையை எதிர்ப்பதில் அவர் காந்திக்குக் குறைந்தவர் இல்லை. ஆனாலும் கண்டித்து எழுதினார். பூமியின் அசைவுக்கும் மனிதனின் ஒழுக்கத்துக்கும் இப்படி முடிச்சுப் போடக்கூடாது என்றார். இதே வாதத்தை நாளைக்கு உங்கள் எதிரிகள் திருப்பிப் போட்டு, 'நிலநடுக்கம் வந்ததே காந்தி தீண்டாமையை ஒழிக்கக் கிளம்பியதால்தான்' என்று சொன்னால் என்ன செய்வீர்கள் என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். காந்தி அதை மறைக்கவில்லை. தன்னுடைய 'ஹரிஜன்' பத்திரிகையிலேயே வெளியிட்டார். கூடவே, தன் நம்பிக்கையில் மாற்றமில்லை என்று பதிலும் எழுதினார்.

இதில் யார் பக்கம் நியாயம்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். காந்தி ஒரு விஷயத்தில் சரி. அவர் பீகார்க்காரர்களின் பாவம் என்று சொல்லவில்லை, நம்முடைய பாவம் என்றார். தன்னையும் சேர்த்துக்கொண்டார். ஆனால், பாவம் செய்தது ஒரு கூட்டம், இடிபாட்டில் செத்தது இன்னொரு கூட்டம் என்றால், அது என்ன நீதி? இடிந்து விழுந்த வீடுகளுக்கு அடியில் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களும்தானே கிடந்திருப்பார்கள்? அவர்களுக்கு இழைத்த கொடுமைக்காக அவர்களையே கொல்கிற கடவுளை யார் கும்பிட முடியும்? இந்த இடத்தில் தாகூர்தான் சரி.

சரி, பைபிளில் வரும் தீர்க்கதரிசிகள் என்னதான் செய்தார்கள்?

ஆமோஸை எடுத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துவுக்கு சுமார் 750 வருஷம் முந்தியவர். ஆடு மேய்த்தவர், காட்டத்தி மரங்களைப் பார்த்துக்கொண்டவர். தெற்கே தெக்கோவா என்ற ஊரிலிருந்து வடக்கே போய்ப் பேசுகிறார். முதலில் அக்கம்பக்கத்து நாடுகளை ஒரு பிடி பிடிக்கிறார். தமஸ்குவுக்குத் தீ, காசாவுக்குத் தீ, தீருவுக்குத் தீ. கூட்டம் எப்படிக் கை தட்டியிருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள். எதிரி நாட்டைத் திட்டினால் எந்த ஊரில்தான் கை தட்டமாட்டார்கள்? ஒவ்வொரு நாடாகச் சுற்றி வந்து, கடைசியில் சட்டென்று கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பக்கம் திரும்புகிறார். 'இப்போது உங்களைப் பற்றிப் பேசுவோமா?'

குற்றப்பத்திரிகையில் என்னென்ன இருந்தன? காமர்ஸ் படித்த எனக்கு அங்கேதான் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. மரக்காலைச் சிறிசாக்கினார்கள். எடைக்கல்லைப் பெரிசாக்கினார்கள். கள்ளத்தராசு வைத்தார்கள். தானியத்தோடு பதரையும் சேர்த்து விற்றார்கள். ஒரு ஜோடிச் செருப்பு விலைக்கு ஏழையை வாங்கினார்கள். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்திருந்தார்கள். அதாவது, ஓய்வுநாளைக் கடைப்பிடித்தவர்கள்தான் இவர்கள்! மேஸ்திரியின் சொந்தக்காரர் கவனிக்க வேண்டிய இடம் இது. ஜெபத்துக்குத் தவறாமல் வந்துவிட்டு மறுநாள் படியில் ஏமாற்றியவன் மேல்தான் ஆமோஸின் கடவுள் சீறுகிறார்.

எரேமியா அரசனைப் பார்த்துப் பேசுகிறார். ஏசாயா, ஏழைக்கு நியாயம் மறுக்கச் சட்டம் எழுதியவர்களைப் பார்த்துப் பேசுகிறார். எசேக்கியேல், மந்தையை மேய்க்காமல் தங்களையே மேய்த்துக்கொண்ட மேய்ப்பர்களைப் பார்த்துப் பேசுகிறார். தீர்ப்பின் கல் பெரும்பாலும் மேல்நோக்கித்தான் எறியப்பட்டிருக்கிறது. நாம் அதை எடுத்துக் கீழ்நோக்கி எறிந்துகொண்டிருக்கிறோம்.

காவாந்தண்டலத்தில் இருந்தபோது கம்பி வாங்க மேஸ்திரியோடு உத்திரமேரூர் போயிருந்தேன். அவர் கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் புகழ்பெற்ற குடவோலைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தது. கி.பி. 919, 921. அது எல்லோருக்குமான சபை இல்லை, அந்தணர்களின் ஊர்ச்சபை. ஆனாலும் அதில் ஒரு விதி இன்றைக்கும் நம்மை உலுக்கும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. பொறுப்பில் இருந்தவன்தான் கணக்குக் காட்ட வேண்டும் என்ற நியாயம் ஆமோஸுக்குப் பிடித்திருக்கும். ஆனால், அதே கல்வெட்டு கணக்குக் காட்டாதவனின் உறவினர்களையும் சேர்த்துத் தள்ளிவைக்கிறது. எசேக்கியேல் இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார். அப்பன் தின்ற புளிப்புக்குப் பிள்ளையின் பல் கூசும் என்ற அர்த்தத்தில் அவர் காலத்தில் ஒரு பழமொழி இருந்தது. இனி அதை யாரும் சொல்லவே கூடாது, அப்பன் குற்றத்தைப் பிள்ளை சுமக்காது என்று ஓர் அதிகாரம் முழுக்க வாதாடியிருக்கிறார்.

அப்பன் ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனதற்கு ஒன்பது வயசுப் பிள்ளையா?

நீங்கள் கேட்கலாம். 'அதெல்லாம் சரி, நெருப்பு, பட்டயம், சிங்கம் என்று எழுதித்தானே வைத்திருக்கிறார்கள்? இவ்வளவு பயமுறுத்துகிற கடவுள் என்ன கடவுள்?'

நியாயமான கேள்வி. 2012 ஏப்ரல் 11 ஞாபகம் இருக்கிறதா? சுமத்ரா பக்கம் கடலுக்கடியில் பெரிய நிலநடுக்கம். 2004-ல் நமக்கு எச்சரிக்கை சொல்ல ஆளில்லை. அந்த டிசம்பர் 26 காலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் ஆறாயிரம் பேரைப் பறிகொடுத்தோம். அதற்குப் பிறகுதான், 2007-ல், ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. 2012-ல் அது எச்சரித்தது. மெரினாவைக் காலி செய்தார்கள். ஜனங்கள் அலறியடித்து ஓடினார்கள். சாயங்காலம் எச்சரிக்கையை வாபஸ் வாங்கினார்கள். பயந்த மாதிரி பெரிய அலை வரவில்லை. 'அலையே வரலியே, எதுக்குப் பயமுறுத்தினே?' என்று நீங்களோ நானோ அந்த மையத்தின் மேல் வழக்குப் போட்டோமா? அபாயச் சங்கு காதுக்கு இனிமையாக இருந்தால் யார் ஓடுவார்கள்?

யோனாவின் கதை இதுதான். நினிவே நகரத்துக்கு நாற்பது நாள் கெடு சொல்கிறார். நகரம் பயந்து திருந்திவிடுகிறது. கடவுள் தண்டனையை ரத்து செய்துவிடுகிறார். ஆனால், யோனாவுக்குக் கோபம்! சொன்னது பலிக்கவில்லையே என்று ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்து முறுக்கிக்கொள்கிறார். அவருக்கு நிழல் கொடுத்த ஒரு செடி வாடியதும் இன்னும் கோபம். ஒரு செடிக்காக நீ இவ்வளவு வருத்தப்பட்டால், வலது கை இடது கை தெரியாத லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட ஜனங்களுக்காகவும், அங்கே இருக்கிற ஆடு மாடுகளுக்காகவும் நான் வருத்தப்படக் கூடாதா என்ற அர்த்தத்தில் கடவுள் கேட்பதோடு புத்தகம் முடிந்துவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதவில்லை. பதிலை நம்மிடம் விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது. தீர்ப்பு பலிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது தீர்க்கதரிசி. பலிக்கக் கூடாது என்று ஆசைப்பட்டது கடவுள்.

எல்லா இடத்திலும் இவ்வளவு சுலபமாக இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஏசாயாவில் ஓர் இடத்தில், திராட்சை ஆலையை மிதித்தவன் உடை மாதிரி ரத்தக் கறையோடு கடவுள் நடந்து வருகிறார். படிக்கும்போது எனக்கு உடம்பு நடுங்கியது. ஆனால், அதை எழுதியவர்கள் யார்? அசீரியா, பாபிலோன் என்று பேரரசுகளின் காலடியில் மாறி மாறி நசுங்கிய ஒரு சின்ன ஜனம். 1968 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் இரவு, கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். கூலி உயர்வு கேட்டவர்களின் குடும்பங்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். தண்டிக்கப்பட்ட நிலச்சுவான்தார்களை உயர் நீதிமன்றம் பின்னர் விடுவித்தது. அந்த ஊரில் போய் நின்று, 'கடவுள் யார் மேலேயும் கோபப்படவே மாட்டார்' என்று சொன்னால், அது ஆறுதலா, அவமானமா? எரிகிற குடிசையைப் பார்த்தும் கோபம் வராதவருக்கு அன்பு இருக்கிறது என்று எதை வைத்து நம்புவது?

ஓசியா இன்னும் ஒரு படி மேலே போகிறார். கடவுளுக்குச் சிங்கம் என்கிறார், துணியை அரிக்கும் பூச்சி என்கிறார், கடைசியில் குட்டியைப் பறிகொடுத்த கரடி என்கிறார். அந்தக் கடைசி உவமையை நான் இரண்டு முறை படித்தேன். அந்தக் கரடி பாய்வது தன் சொந்த ஜனத்தின் மேலேயேதான், அதில் சந்தேகமில்லை. ஆனால், அதன் கோபத்துக்குள்ளே இருப்பது, பிள்ளையை இழந்த தாயின் வலி. அதே ஓசியாவில்தான், பிள்ளைக்கு நடை பழக்கிய கடவுள், அந்தப் பிள்ளையை எப்படிக் கைவிடுவேன் என்று தனக்குள்ளேயே போராடுகிறார். தண்டிக்க வேண்டும் என்கிறது நீதி. கை வரமாட்டேன் என்கிறது. இப்படித் தவிக்கிறவரைக் கணக்குப்பிள்ளை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆமோஸ் பார்த்த ஒரு காட்சியை மட்டும் மேஸ்திரியிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள நினைத்தேன். ஒரு சுவர் பக்கத்தில் கடவுள் நிற்கிறார். கையில் தூக்குநூல். நம் கொத்தனார்கள் தூக்குக் குண்டு என்று சொல்வார்களே, அதேதான். ஒரு மாதம் கழித்து மறுபடி காவாந்தண்டலம் போனேன். சுவர் ஆளுயரத்துக்கு எழும்பியிருந்தது. மேஸ்திரி நூலைத் தொங்கவிட்டு ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, குண்டு விட்டுப் பார்க்கறீங்க. சுவர் சாஞ்சிருந்தா என்ன பண்ணுவீங்க?"

"ஈரமா இருந்தா தட்டி நிமித்துவோம். இறுகிடுச்சுன்னா இடிச்சுத்தான் ஆவணும்."

"சுவர் மேல கோபமா?"

சிரித்தார். "சுவர் மேல என்ன சார் கோவம்? நாளைக்கு அதுக்குக் கீழ புள்ளைங்க படுத்துத் தூங்கும்ல?"

பிறகு, நான் படித்ததையெல்லாம் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். கடைசியாக, இயேசுவே எடுத்துச் சொன்ன ஒரு விபத்தைச் சொன்னேன். எருசலேமில், சீலோவாம் என்ற இடத்தில் ஒரு கோபுரம் விழுந்து 18 பேர் செத்துப்போனார்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்களோ என்ற பேச்சு அன்றைக்கும் இருந்திருக்கிறது. மற்றவர்களைவிட அவர்கள் பெரிய பாவிகள் என்றா நினைக்கிறீர்கள், இல்லவே இல்லை என்று இயேசு வெட்டிவிடுகிறார். அதோடு நிறுத்தவில்லை. செத்தவர்களை விட்டுவிட்டு நீங்கள் திருந்தப் பாருங்கள் என்று கேட்டவர்கள் பக்கமே திருப்பிவிடுகிறார். ஆமோஸ் செய்த அதே காரியம்.

மேஸ்திரி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார். "அந்தக் கோபுரம் ஏன் சார் விழுந்துச்சு?"

"அது எழுதலை மேஸ்திரி."

"அஸ்திவாரம் சரியில்லாம இருந்திருக்கும்" என்றார். நூலைச் சுற்றிக் குண்டைப் பைக்குள் போட்டார். "விழுந்த சுவத்துக்குக் காரணம் கட்டினவன்கிட்ட கேக்கணும் சார். அடியில கெடந்தவங்ககிட்டயா கேக்கறது?"

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் எழுந்து வாசல் பக்கம் வந்துவிட்டேன்.

அவர் மறுபடி பைபிளைத் திறந்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்பது என் வேலையும் இல்லை.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கடவுளின் தீர்ப்பைப் பற்றிப் படியுங்கள், பேசுங்கள், பயப்படவும் செய்யுங்கள். உங்கள் தராசை, உங்கள் கல்லாவை, உங்கள் வீட்டு வேலைக்காரம்மாவுக்குக் கொடுக்கும் சம்பளத்தை அந்தக் குண்டு வைத்துப் பாருங்கள். ஆனால், அடுத்த முறை ஒரு துக்க வீட்டுக்குக் கிளம்பும்போது, தயவுசெய்து அந்தக் குண்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.